கிளட்ச் இல்லாத கார்

எங்கள் பக்கத்தில் ஆட்டோ கியர் காரை யாரும் கார் என்று மதிப்பதில்லை. ஏற்றத்தில் இழுக்காது, பெற்றோல் குடிக்கும், கெட்டால் பார்க்க ஆள் கிடையாது என்று குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். பழைய ஆட்டோ கியர் கார் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த அந்தச் சாம்பல் நிறக் கார், நுவரெலியாவில் ஒரு பங்களாக் கொட்டகைக்குள் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. அதனால்தான் அது என் கைக்கும் வந்தது.

எனக்கு வேறு கார் சரிப்படாது. என் இடது முழங்கால் மடங்காது. சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து லொறியின் பின்பலகையிலிருந்து விழுந்தேன். எலும்பு கூடிவிட்டது, மூட்டு மட்டும் இறுகிப்போனது. கால் இருக்கிறது, ஆனால் நீட்டிய நீட்டில் இருக்கிறது. கிளட்ச் மிதிக்க மடங்குகிற இடது கால் வேண்டும். ஆட்டோ கியர் காரில் கிளட்ச் கிடையாது. முடுக்கவும் நிறுத்தவும் வலது கால் ஒன்றே போதும், இடது கால் அதுபாட்டுக்கு ஓரமாய் நீட்டிக்கொண்டு வரலாம். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கார் மேல் ஒரே பைத்தியம்.

நான் ஹட்டனில் தையல் வேலை செய்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடைகள். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அளவெடுத்து, தைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு எப்போதும் வாடகை வேன்தான். ஓட்டுவது என் தம்பி. கொழுந்து லொறி ஓட்டுகிறவன், பக்கத்து வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். அவனுக்கு லீவு கிடைத்தால் எனக்குப் பயணம் கிடைக்கும். அவனுக்கு லீவு இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய சட்டையோடு பள்ளிக்கூடம் போவார்கள். அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் நாற்பது வயது கடந்த ஒருத்தி, வெளியே போக வேண்டுமென்றால் இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாகப் போக வேண்டும், தனியாகத் திரும்பி வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு பிடி குறைத்துக்கொள்ளவும் நான் தயாராக இல்லை.

காரை வாங்கி, அதிலேயே பழகி, ஆட்டோ கியருக்கு மட்டுமான லைசன்ஸும் எடுத்துவிட்டேன். பழகும்போதெல்லாம் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருப்பான். இனித் தனியாக எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் நாடு பெற்றோலுக்கு வரிசையில் போய் நின்றது.

அந்தக் காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹட்டனில் பெற்றோல் இல்லை, கினிகத்தேனையில் வந்திருக்கிறதாம் என்று ஒரு கதை கிளம்பியது. தம்பி என் காரை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனான். டேங்க்கில் இருந்தது அடிமட்டம். அதைச் செலவழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. மலைநாட்டு டிரைவர் எவனுக்கும் வராது. எங்கள் ஆட்கள் ஓட்டப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள்: இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளு, இன்ஜினை நிறுத்து, உருட்டு. லொறி, வேன், த்ரீவீலர் எல்லாம் அப்படித்தான் இறங்கும். எவன் எந்த வளைவுவரை இன்ஜின் போடாமல் உருட்டினான் என்று டீக்கடையில் பெருமை அடிப்பார்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குப் பாதை பெரும்பாலும் இறக்கம். தம்பி முடிந்தவரைக்கும் உருட்டியே போயிருக்கிறான்.

வரிசையில் நின்றபடி எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, எறக்கம் பூரா ஒரு சொட்டு செலவில்லக்கா. சும்மா பஞ்சு மாதிரி எறங்கிச்சு."

நானும் சந்தோஷப்பட்டேன். என்னத்தைக் கண்டேன் அப்போது.

திரும்பி வரும்போது வட்டவளைக்கு இந்தப் பக்கம் ஒரு ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, மிதித்தால் கத்துகிறது, கார் மட்டும் நகரவில்லை. அடியிலிருந்து கருகிய வாடை. அவனுடைய சிநேகிதன் ஒருவன் லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்து, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸின் கராஜில் விட்டான். அப்படி இழுத்ததும் செய்யக்கூடாத வேலை என்று பிறகுதான் தெரிந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

விஷயம் இதுதான். சாதாரணக் கியர்பொக்ஸில் பல்சக்கரங்கள் தாமே எண்ணெயில் முங்கி முங்கிச் சுற்றும். உருட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆட்டோ கியர்பொக்ஸில் எண்ணெயை ஓட்டுவதற்கு ஒரு பம்ப் இருக்கிறது. இன்ஜின் சுற்றினால்தான் அந்தப் பம்ப் சுற்றும். இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டினால், சக்கரங்கள் உள்ளே இருப்பதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் வராது. தம்பி சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே வறண்டு தேய்ந்துகொண்டிருந்தது.

கராஜ் பாஸ் சிங்கள ஆள், ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். அடியில் படுத்துப் பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டு மோந்தார். சிவப்பாக இருக்க வேண்டியது பால் ஊற்றாத பிளேன்டீ நிறத்தில் இருந்தது.

"இத விட்டுருங்க தங்கச்சி. கழட்டிப் போட்டுட்டு மனுவல் கியர்பொக்ஸ் ஒண்ணு பூட்டிருவோம். அது சாகுற வரைக்கும் ஓடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைத்தடியை எடுத்து என் இடது காலில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

"பாஸ், இங்க பாத்துச் சொல்லுங்க. மனுவல் பூட்டுனா கிளட்ச்ச யாரு மிதிக்கிறது?"

அவர் முகம் சுருங்கிப்போனது. நல்ல மனிதர், நினைக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் தம்பி நினைத்தே சொன்னான்.

"நான் மிதிக்கிறேங்க்கா. நான்தானே எப்பவும் ஓட்டுறேன்."

அவனைப் பார்த்த பார்வையிலேயே அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

பிறகு நானும் பாஸும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கியர்பொக்ஸைக் கழற்றித் தருவது அவர் வேலை, திரும்பப் பூட்டித் தருவதும் அவர் வேலை. "உள்ளுக்குள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பு என்றேன். எங்கள் ஊரில் அன்றைக்குச் சிரிக்காதவர்கள் குறைவு. தையல்காரி கியர்பொக்ஸ் தைக்கப் போகிறாளாம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நான் புருஷன் வீட்டில் இருந்த காலத்திலேயே என் மாமியார் என்னைத் திட்டுவார். இருக்கட்டும், மூன்று காலோடு ஓடுகிற முயலும் உண்டு.

என் குரு கைத்தொலைபேசிக்குள் இருந்தார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இதே கியர்பொக்ஸைப் பிரித்துப் பூட்டிப் படமெடுத்துப் போட்டிருந்தார். அவர் பேசும் இங்கிலீஷில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். தையலும் நான் அப்படித்தான் படித்தேன். அவர் ஒரு திருப்பு திருப்பினால் படத்தை நிறுத்துவேன், மறுபடி பார்ப்பேன், பிறகு நான் திருப்புவேன்.

தம்பி கியர்பொக்ஸைத் தூக்கி வந்து என் தையல் அறையில் வைத்தான். ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். வெட்டுமேசை மேல் சீருடைத் துணியை விரித்தேன், நல்ல வெள்ளைத் துணி. கழற்றிய ஒவ்வொரு துண்டையும் அதன்மேல் வைத்து, தையல் சாக்கட்டியால் சுற்றி வரைந்தேன். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று அம்புக்குறி போட்டேன். சட்டையைப் பிரித்து இன்னொரு சட்டைக்கு அளவெடுக்கும்போது இப்படித்தான் செய்வோம். கழுத்துப் பட்டியை எடுத்துக் கைப்பட்டிக்கு வைத்துவிடக் கூடாதல்லவா? எட்டிப் பார்க்க வந்த பாஸ் அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார்.

உள்ளே கிளட்ச் இருந்தது! கிளட்ச் இல்லாத கார் என்று நான் கொண்டாடிய காருக்குள் கிளட்ச் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. காலால் மிதிக்கிற கிளட்ச் அல்ல, எண்ணெய் அழுத்தத்தில் தானாகப் பிடித்துத் தானாக விடுகிறது. வட்ட வட்டத் தகடுகள், ஒன்று வெறும் இரும்பு, அடுத்தது இரண்டு பக்கமும் காகிதம்போல ஏதோ ஒட்டியது, பிறகு மறுபடி இரும்பு. அந்த ஒட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் கருகிய ரொட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. பம்பின் உள்வளையமும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. தம்பி கருகிய தகடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"இது நான் செஞ்சதா?"

"பின்ன, நானா?"

அவன் தகட்டை எடுத்த இடத்திலேயே, சாக்கட்டிக் கோட்டுக்குள் சரியாக வைத்தான். எனக்கு அவன் மேல் பாவமாகவும் இருந்தது, அந்த நேரம் ரெண்டு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

தகடுகளுக்கு எங்கே போவது? கொழும்புப் பக்கம் விசாரித்ததில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பாஸ்தான் ஞாபகப்படுத்தினார், கொத்மலையில் ஒரு கடைக்காரர் வீட்டுப் பின்புறம் இதே சாதிக் கார் ஒன்று மோதி நசுங்கிக் கிடக்கிறது என்று. நானும் தம்பியும் வாடகை வேனில் போனோம். கடைக்காரர் முஸ்லிம் ஆள், பழைய சாமான் வாங்கி விற்கிறவர். காரைக் காட்டினார். கண்ணாடி இல்லை, சக்கரம் இல்லை. பின்சீட்டில் நாலைந்து கோழிகள் அடை காத்துக்கொண்டிருந்தன.

"எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. ஆனா சீட்டத் தொடாதீங்க. கோழிக்கு நான் பதில் சொல்லணும்."

சீட்டைத் தொடவில்லை. தம்பி அடியில் புகுந்து கோழி எச்சத்துக்கு நடுவில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினான். அந்தக் கியர்பொக்ஸின் கூடு மோதியதில் வெடித்திருந்தது, ஆனால் உள்ளே எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தகடுகள் அதில் ஊறியபடியே இருந்தன. ஒட்டு உரியவில்லை. பம்பும் நன்றாக இருந்தது. அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் ஒரு கோழி எழுந்து போய்விட்டது.

ரப்பர் வளையங்கள் மட்டும் இரண்டு பெட்டியிலும் கல்லாக இறுகியிருந்தன. அவை வெளிநாட்டிலிருந்து தபாலில் வர வேண்டியிருந்தது. வரும்வரை நான் வால்வுப் பகுதியைச் சுத்தம் செய்தேன். வால்வுப் பகுதி என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கட்டி. அதற்குள் கால்வாய் கால்வாயாக வெட்டி, பென்சில் துண்டு போன்ற வால்வுகளையும், பேனாவுக்குள் இருப்பது மாதிரி ஸ்பிரிங்குகளையும், மிளகளவு இரும்புக் குண்டுகளையும் வைத்திருக்கிறார்கள். எந்த நேரம் எந்தக் கியர் என்று முடிவு செய்வது அதுதான். வால்வு தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். என்னுடையது பாதியில் நின்றது. கழுவினேன், துடைத்தேன், போட்டேன், நின்றது. மறுபடி கழுவினேன், மறுபடி நின்றது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வால்வின் விளிம்பில் மயிரைவிட மெல்லிய ஒரு வெள்ளை நூல்.

தையல் அறையில் வேறு என்ன பறக்கும்? நான் துடைக்கத் துடைக்க அந்த வெள்ளைத் துணியே நூலை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் கல்யாணத்துக்கு வந்த நைலெக்ஸ் சேலை ஒன்று உடுத்தாமல் பெட்டியில் கிடந்தது. அதிலிருந்து நூல் உதிராது. முந்தானையைக் கிழித்தேன். அதன் பிறகு வால்வு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்தச் சேலைக்கு அதைவிட நல்ல காரியம் வாய்த்திருக்காது.

வளையங்கள் வந்தன. தகடுகளைப் புது எண்ணெயில், உளுந்து ஊறப்போடுவதுபோல ஊறப்போட்டேன். காய்ந்த தகட்டை அப்படியே பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும் என்று கிழவர் இரண்டு தரம் விரலை ஆட்டிச் சொன்னார், அது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஸ்பிரிங்கைத் தம்பி அமுக்கிப் பிடிக்க, நான் வளையத்தை மாட்டினேன். சாக்கட்டிக் கோடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கடைசித் துண்டும் போனபோது துணியில் வெறும் கோடுகள்தான் மிச்சம். மேசையில் ஒரு குண்டுகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பூட்டுகிற நாள் நல்ல மழை. கராஜில் குழி கிடையாது. காரை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நானும் சாக்கை விரித்து, நீட்டிய காலோடு அடியில் நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றார் பாஸ். உள்ளே இருப்பதற்கு நான்தானே பொறுப்பு என்றேன். பாஸும் தம்பியும் ஜாக்கியில் கியர்பொக்ஸை ஏற்றி இன்ஜினின் முதுகோடு சேர்த்தார்கள். போல்ட்டுகளைக் கையால் பிடித்தார்கள். எல்லாம் சேர்ந்தது, ஆனால் ஒரு விரல் இடைவெளி விட்டது.

"இவ்ளோதான். போல்ட்ட இறுக்குனா உள்ள போயிரும்" என்றான் தம்பி.

லொறிக் கியர்பொக்ஸுக்கு அது சரி. எங்கள் ஊரில் எந்த கராஜிலும் கடைசி விரலிடையைப் போல்ட்டை இறுக்கித்தான் இழுப்பார்கள். பாஸும் அப்படித்தான் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறார், அவரும் ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஆனால் இந்தப் பெட்டியின் முகத்தில் ஒரு பெரிய உருண்டை இருக்கிறது, இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாக வாங்குகிற உருண்டை. அதன் கழுத்தில் இருக்கிற வெட்டு, பம்பின் பல்லில் விழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பெட்டி தானாகவே இன்ஜினோடு ஒட்டும். இடைவெளி இருக்கிறதென்றால் அது உட்காரவில்லை. அந்த நிலையில் இறுக்கினால் பம்ப் உடையும். கொத்மலைக் கோழிகளுக்கு நடுவில் கிடைத்த ஒரே பம்ப் அதுதான்.

"இறுக்காத. எறக்குங்க, திரும்ப வைப்போம்."

"அக்கா, அரை நாளாத் தூக்கியிருக்கோம். ஒரு சுத்து சுத்துனா ஏறிரும். நீ சும்மா பயப்படுற."

"எறக்குன்னு சொல்றேன்."

அவன் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிவிட்டான். வாயால் சொல்லி அவன் கேட்டிருந்தால் கினிகத்தேனைக்கே உருட்டிப் போயிருக்க மாட்டான். நான் என் வலது கை விரல்கள் நாலையும் அந்த இடைவெளிக்குள் விட்டேன்.

"இப்ப இறுக்குடா பாப்பம்."

என் பிழைப்பே அந்த விரல்கள்தான் என்று அவனுக்குத் தெரியும். ஸ்பேனரைக் கீழே போட்டான். முகமெல்லாம் எண்ணெய், கண் சிவந்திருந்தது.

"ஏங்க்கா இப்பிடி? வேன்ல நான் கூட்டிட்டுப் போகலியா? என்னைக்காச்சும் ஏலாதுன்னு சொல்லியிருக்கேனா? நீ தனியாப் போயிட்டு வர ஆரம்பிச்சா, அப்புறம் நான் என்னாத்துக்கு இருக்கேன்?"

இதுதான் அவன் மனதில் இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கார் கெட்டபோது அவன் வருத்தப்பட்டான், நான் அதைக் குற்றவுணர்ச்சி என்று நினைத்தேன். கூடவே கொஞ்சம் நிம்மதியும் அவனுக்கு இருந்திருக்கிறது. கோபப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம் வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம். ஆனால் விரலையும் எடுக்கவில்லை.

"நீ என் தம்பியா இரு. டிரைவரா இருக்க வேணாம். மொதல்ல இத எறக்கு."

பாஸ்தான் ஜாக்கியைத் தளர்த்தினார். பெட்டியை இறக்கி, உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து, அமுக்கியபடியே மெல்லச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். டொக் என்று உள்ளே இறங்கியது. இன்னும் ஒரு முறை டொக். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பாஸ் விரலை வைத்துப் பார்த்தார். "அம்மோ" என்றார். அடுத்த தரம் தூக்கியபோது பெட்டி இன்ஜினோடு போய் ஒட்டி நின்றது, போல்ட்டுகளைத் தம்பி கையாலேயே ஓட்டினான்.

எண்ணெய் ஊற்றி, இன்ஜின் போட்டு, கம்பிகளைச் சரிசெய்து, ஒழுகுகிறதா என்று அட்டை விரித்துப் பார்த்து, மேட்டில் ஏற்றி இறக்கி, மறுபடி சரிசெய்து, அந்தக் கதையெல்லாம் எழுதினால் நீளும். முதல் நாள் பின்னால் மட்டும்தான் போனது. ஊர் அதற்கும் சிரித்தது. பாஸும் நானும் ஒரு கம்பியின் நீளத்தை மாற்றியதும் முன்னாலும் போனது. ஹட்டன் தெருக்களில் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறுவது உடம்புக்கே தெரியவில்லை.

பிறகு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொண்டுபோக வேண்டிய நாள் வந்தது. கினிகத்தேனைக்கு இறங்கி அங்கிருந்து திரும்ப வேண்டும். அதே இறக்கம். பின்சீட்டில் துணிக்கட்டுகள், பக்கத்தில் தம்பி. அன்று அவனுக்கு லீவு இல்லை, கேட்டு வாங்கியிருந்தான். இறக்கத்தின் தலைப்பில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே ஓரமாக நிறுத்தினேன்.

"என்னாங்க்கா?"

"எறங்குடா."

"எறக்கம்க்கா. புதுசாப் பூட்டுன கியர்பொக்ஸ். நான் பக்கத்துல சும்மா இருக்கேன், ஒண்ணும் பேசமாட்டேன்."

"தெரியும். எறங்கு."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். குனிந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லிவிடுவானோ, சொன்னால் நான் இளகிவிடுவேனோ என்று பயந்தேன். "லோ கியர்ல போ" என்றான். "இன்ஜின நிப்பாட்டிறாத."

அதை அவன் எனக்குச் சொல்கிறான்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கியர்த் தண்டை லோவில் இழுத்து, பிரேக்கை விட்டேன். இன்ஜின் உறுமிக்கொண்டு காரைப் பிடித்துக்கொண்டது. சரிவு எவ்வளவு தள்ளியும் கார் தன் நிதானத்தில் இறங்கியது. பின்னால் வந்த வேன்காரன் ஹோர்ன் அடித்தான், போகவிட்டேன். இன்னொருத்தன் அடித்தான், அவனையும் போகவிட்டேன். வட்டவளை தாண்டும்வரை அழுதேன், பிறகு வளைவுகள் மோசமானதால் அழ நேரமில்லை. கினிகத்தேனையில் கூட்டத்துக்குள் ஊர்ந்து, நோட்டன் பக்கம் திரும்பி, தேயிலைக்கு நடுவில் ஏறி, பள்ளிக்கூட வாசலில் போய் நிறுத்தினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக் காவல்கார அண்ணன் எனக்குப் பல வருடப் பழக்கம். வேன் வந்தால் ஓடிவந்து கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். அன்றைக்கும் ஓடிவந்தார். வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்து, கையை நீட்டினார். சீட்டில் யாரும் இல்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

"அண்ணே," என்றேன், "நான் இந்தப் பக்கம் இருக்கேன்."